ஜட்ஜிக்கு ஓர் அழுக்குத் துண்டு

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். கடலைக்காய் மண்டியில் மூட்டைகளுக்கு வாய் தைப்பது என் வேலை. என் வாயும் ஏறக்குறைய அப்படித்தான். நாலு பேர் முன்னால் தும்முவதற்கே கூச்சப்படுகிற நான் பத்திரிகைக்கு எழுத வந்தது அதிகப்பிரசங்கித்தனம். வாசகர்கள் மன்னிக்க வேண்டும். மோப்பக்காரரைப் பற்றி வேறு யாரும் எழுதப் போவதில்லை என்பதுதான் எனக்குள்ள ஒரே சமாதானம்.

அந்தக் காலத்து மல்லசமுத்திரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவர்களைவிட, மோப்பக்காரரைக் கண்டு பாதியில் எழுந்து ஓடியவர்களே அதிகம். ஏற்காட்டில் ஒரு வெள்ளைக்காரத் துரையின் நாய்களுக்குச் சோறு வைத்தவர் அவர். துரை கப்பலேறியதும் ஒரு விசிலோடு ஊர் திரும்பினார். சந்தையில் சுற்றிய செவலை நாய் ஒன்றைப் பிடித்து ஜட்ஜி என்று பேர் வைத்தார். வாசனை பிடித்து ஆளைத் தேடிப் போக அதற்குப் பாடம் ஆரம்பமாயிற்று; ஊர் அவருக்கு மோப்பக்காரர் என்று பேர் வைத்தது.

அவருக்கு ஓர் இடத்தில் நிற்க வராது. பேசும்போதும் நடப்பார். பதில் சொல்ல வேண்டுமென்றால் நாமும் கூடவே ஓட வேண்டும்.

"ஏனுங்க, உங்க துண்டக் குடுத்துப்போட்டு எங்கயாச்சும் போயி ஒளிஞ்சுக்குங்க. ஜட்ஜி கண்டுபுடிச்சுப்போடும்!"

இங்கேதான் சிக்கல். வெளி ஆளுக்கு அழுக்குத் துணி கொடுப்பது எங்கள் ஊரில் மானக்கேடு. எல்லாரும் பெட்டியைத் திறந்து, வெளுத்து மடித்த துண்டாகப் பார்த்துக் கொடுத்தார்கள். ஜட்ஜி அதை மோந்துவிட்டு நேராகத் துணி வெளுக்கும் சின்னான் வீட்டில் போய் நின்றது. வாத்தியாரைத் தேடினாலும் சின்னான் வீடு. தபால்காரரைத் தேடினாலும் சின்னான் வீடு.

"ஊர்ல ஒளியறவங்க எல்லாம் எம்பட ஊட்டுலதான் இருக்காங்கன்னா, நானும் எம்பட சம்சாரமும் எங்கீங்க படுக்கறது?" என்று சின்னான் கேட்டார்.

"அழுக்குத் துணி குடுங்க!" என்று மோப்பக்காரர் தெருத்தெருவாகக் கத்தினார். கொடுத்தவன் நான் ஒருவன்தான். மாட்டேன் என்று சொல்லக் கூச்சம். அன்றிலிருந்து தினமும் நான் ஒளிந்தேன். வைக்கோல் போருக்குள் இருந்தாலும் கிணற்றுப்படியில் இருந்தாலும் ஜட்ஜி வந்து என் முழங்காலை நக்கியது.

அப்போதுதான் ஊர் மணியகாரரின் புது மாப்பிள்ளை காணாமல் போனார். சைக்கிள் வாங்கித் தருவதாகச் சொன்ன மாமனார், கடைசியில் ஒரு காளைக்கன்றைக் கொண்டுவந்து கட்டினாராம்; அந்தக் கோபம். சாயங்காலம் சம்பந்தி வீட்டார் விருந்துக்கு வருகிறார்கள்.

"உன் நாயக் கொண்டா" என்றார் மணியகாரர், துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டே. "இன்னிக்கும் அது தப்பான ஊட்டுல போயி நின்னுச்சு, சுட்டுப்போடுவேன்."

அவர் மனைவி வெளுத்த வேட்டி ஒன்றை நீட்டினார்.

"கட்டிக் கழட்டினது குடுங்க, அம்மா."

"மாப்ளையோட அழுக்குத் துணிய நாயி மோக்கறதா? மானம் போயிருமுங்க!"

மோப்பக்காரர் விடுவிடுவென்று உள்ளே புகுந்தார். எண்ணெய்ப் பிசுக்கேறிய தலையணை ஒன்றோடு வந்து ஜட்ஜியின் மூக்கில் அழுத்தினார்.

ஜட்ஜி கிளம்பியது. பின்னால் மோப்பக்காரர், மணியகாரர், ஊர். கடைசியில் நான். மாப்பிள்ளை எங்கே இருக்கிறார் என்று அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும் தெரியும். என் வீட்டுப் பரண் மேல் படுத்து வறுத்த கடலை தின்றுகொண்டிருந்தார். ஒளிவதில் பழக்கமுள்ளவன் என்று என்னைத் தேடி வந்து இடம் கேட்டார். மாட்டேன் என்று சொல்லக் கூச்சம்.

சின்னான் வீட்டை ஜட்ஜி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் வாசலில் வந்து உட்கார்ந்து ஒரு தடவை குரைத்தது. ஊரே சிரித்தது.

"தினமும் இவனையே மோந்து பழகிப்போச்சுங்க!"

மணியகாரர் துப்பாக்கியைத் தூக்கினார். மோப்பக்காரர் என் முகத்தைப் பார்த்தார்; பரண் பக்கமே போன என் கண்ணைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. நான் அறிந்து அன்றுதான் அவர் ஓர் இடத்தில் நின்றார். நாய்க்கு முன்னால் நின்றார்.

"ஜட்ஜி தப்புப் பண்ணிருச்சுங்க. நான் கூட்டிக்கிட்டு ஊர உட்டே போயிர்றனுங்க."

அந்த நாய் தப்புச் செய்ததாக அவர் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை.

"தப்பில்லீங்க" என்று ஒரு குரல் கேட்டது. யாரென்று நானும் திரும்பிப் பார்த்தேன். பேசியது நான்தான். "மாப்ளை எம்பட பரண் மேல இருக்காருங்க."

மணியகாரர் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

மறுநாள் காலையில் மோப்பக்காரர் நடந்துகொண்டே வந்து துண்டு கேட்டார். மூன்று நாள் துவைக்காததாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தேன்.