பதினான்காம் வார்டின் தொழில்முனைவோர்

பாறசாலைக்கு அடுத்த எங்கள் பதினான்காம் வார்டில் பின்சி மீன் ஊறுகாய் போட்டு விற்க ஆசைப்பட்டாள். நல்ல கைப்பக்குவம் உண்டு. பூவாரிலிருந்து சூரை மீன் வாசலுக்கே வரும். தடை, மாமியார் புஷ்பபாய்தான். மகன் சிபி குவைத்தில் இருக்கும்போது மருமகள் ஊறுகாய் விற்றால், அவனுக்கு வேலை போய்விட்டது என்று சர்ச் சபையில் பேசுவார்களாம். பின்சி இரண்டு வருஷம் ஆசையை அடக்கிக்கொண்டாள்.

அப்போது, மார்ச் முடிவதற்குள் வார்டுக்குப் பன்னிரண்டு தொழில்முனைவோரை உருவாக்கியே தீர வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வந்தது. பொறுப்பு அலுவலர் மோகனன் வீடு வீடாக ஏறினார். புஷ்பபாயின் கவலையைப் பொறுமையாகக் கேட்டார்.

"ஊறுகாய் கஷ்டப்பட்டவங்க விப்பாங்க அம்மா. இது ஸ்டார்ட்அப் ஆக்கும். வசதி உள்ளவங்களுக்கு உள்ளது."

புஷ்பபாய் யோசித்தார். "அப்போ கோட்டு போட்டு போட்டோ எடுக்கணுமா சாரே?"

"கண்டிப்பா."

கோட்டு நெய்யாற்றின்கரையில் வாடகைக்குக் கிடைத்தது. போதகர் ஜெபித்தார், வார்டு மெம்பர் ரிப்பன் வெட்டினார். முதல் வாரம் ஊறுகாய் நன்றாகவே போயிற்று. பின்சிக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

இரண்டாம் வாரம் எதிர்வீட்டு லீலாபாய்க்குப் பொறுக்கவில்லை. தன் மகள் சோனா மட்டும் சும்மா இருப்பது குடும்பத்துக்கு அழகா? சோனாவுக்கு பேங்க் பரீட்சை எழுதத்தான் விருப்பம், சமைக்கவும் வராது. ஆனால் அது ஒரு குறைபாடு என்று படிவத்தில் எங்கும் குறிப்பிடப்படவில்லை. 'தொழில்' என்ற கட்டத்தில் மோகனனே மீன் ஊறுகாய் என்று நிரப்பினார், ஏற்கனவே அங்கீகரிக்கப்பட்டதாயிற்றே. அடுத்து, அதே தெருவில் மீனைத் தொடாத சைவரான தாணுமாலயனும் கோட்டு போட்டார். மார்ச் முடிவதற்குள் பன்னிரண்டு வீடு, பன்னிரண்டு மீன் ஊறுகாய்.

பின்சியின் பாட்டில்கள் அசையவில்லை. அலுவலகத்துக்கே போய்க் கேட்டாள்.

"எல்லாரும் ஒண்ணையே போட்டா யாரு சாரே வாங்குவா?"

"வாங்கினவங்க எத்தனைன்னு மேலே கேக்கல்ல மோளே. தொடங்கினவங்க எத்தனைன்னுதான் கேட்டாங்க."

சிறந்த அலுவலர் விருது மோகனனுக்குக் கிடைத்தது. பாராட்டு விழா விருந்தில் பன்னிரண்டு தொழில்முனைவோரும் கோட்டோடு வரிசையாக உட்கார்ந்தார்கள். இலையில் மீன் ஊறுகாய் விழுந்தது. பின்சி தொட்டு நாக்கில் வைத்தாள். தன்னுடையது இல்லை, மற்ற பதினொருவருடையதும் இல்லை. விசாரித்ததில், எறணாகுளத்துக் கம்பெனி ஒன்றிலிருந்து வரவழைத்தது என்று தெரிந்தது. பெரிய ஆட்கள் வரும் இடத்தில் வீட்டில் போட்டதை வைத்தால் மோசம் அல்லவா என்று மோகனன் விளக்கினார்.

அது நியாயம்தான் என்று புஷ்பபாய் தலையாட்டினார். "கம்பெனி சாதனம்னா கம்பெனி சாதனம் ஆக்கும் மக்கா."

பின்சி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் ஊறுகாய் இரண்டாம் முறை வந்துவிட்டது. பன்னிரண்டு பேரும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.