மாமியின் பெருவிரல்

"தெரியாது" என்ற சொல் என் வாயிலிருந்து லேசில் வராது. தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கிற ஆசிரியர் ஆயிற்றே, எப்படி வரும்? அந்த வாயால் வாங்கிக் கட்டிக்கொண்ட கதைதான் இது.

எங்கள் கல்முனைக்குடி வழக்கப்படி கல்யாணத்தோடு பெண் வீட்டில் குடியேறியவன் நான். மாமிக்கு என்னில் அப்படியொரு பெருமை. "எங்கட மருமகன் கொம்பியூட்டர் சேர்" என்று மீன்காரரிடம்கூடச் சொல்வார். அந்தப் பெருமையை ஒவ்வொரு நாளும் சோறாகவே எனக்குப் பரிமாறினார். போதும் என்று கையை மறித்தால், விரலிடுக்கால் இன்னோர் அகப்பை விழும். நேரே சொல்லத் தைரியமில்லாமல், கொழும்பிலிருக்கும் கூட்டாளிக்கு மின்னஞ்சலில் புலம்பினேன். அங்கே இடமாற்றம் எடுக்க வழியும் கேட்டேன். (மனைவி ரிஸ்வானாவுக்குக்கூடச் சொல்லவில்லை. அவ்வளவு வீரன்.)

அந்த நாட்களில் ஊர்ப் பெண்கள் சிலரிடம் கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கி, யாரோ கணக்குகளைப் பறித்துவிட்டார்கள். அது பற்றிப் பேச மாதர் சங்கம் என்னை அழைத்தது. ஒழுங்கு செய்ததே மாமிதான். கடவுச்சொல்லுக்குப் பதிலாக வந்திருக்கும் பாஸ்கீ பற்றி முதல்நாள்தான் வாசித்தேன். என் பழைய போனில் விரல் ரேகை வைக்கும் இடம் பழுது. மாமிக்கோ மைத்துனர் கட்டாரிலிருந்து புதுப் போன் அனுப்பியிருந்தார். அதைப் பழக்கிக் கொடுத்தவன் நான் என்பதால், மாமியின் விரலோடு என் பெருவிரலும் அதில் பதிவாகியிருந்தது. அந்தப் போனிலேயே என் மின்னஞ்சலுக்குப் பாஸ்கீ செய்து, விரலை வைத்தேன். திறந்தது. எல்லாம் விளங்கிவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை மண்டபம் நிறையப் பெண்கள். போனின் திரை சுவரில் பெரிதாகத் தெரிந்தது.

"கடவுச்சொல்ல ஏமாத்தி வாங்கலாம். விரல வாங்க ஏலுமா?" என்று முழங்கினேன். "என்ட விரல் இல்லாம இத ஆராலயும் திறக்க ஏலா. வந்து பாருங்க!"

இரண்டு பெண்கள் வந்து வைத்தார்கள். திறக்கவில்லை. கைதட்டல். முன்வரிசையிலிருந்து மாமி எழுந்தார்.

"எனக்கும் ஒருக்கா தாங்க மகன்."

"வைங்க மாமி, பயப்படாதீங்க" என்று சிரித்தபடி நீட்டினேன்.

திறந்தது.

பாஸ்கீ என் விரலில் இல்லை, போனுக்குள் இருக்கிறது. விரல் போனின் பூட்டைத் திறக்க மட்டும்தான். ஆகவே அந்தப் போனைத் திறக்கும் எவரும் என் கணக்கையும் திறக்கலாம். இது எனக்கு விளங்கியது அந்த விநாடியில். சுவரில் என் கடிதங்களின் வரிசை. எல்லாவற்றுக்கும் மேலே கூட்டாளியின் பதில், நான் வைத்த தலைப்போடு: "மாமியின் சோற்றிலிருந்து தப்ப இடமாற்றம்."

ஒருவர் அதை உரத்து வாசித்தார். மண்டபமே சிரித்தது. மாமி சிரிக்கவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அந்த முகத்தை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

பகல் சாப்பாட்டில் ஒரேயோர் அகப்பை சோறுதான் விழுந்தது. பானை மூடப்பட்டது.

"கொழும்புக்குப் போறதெண்டா என்னட்டயாவது செல்லி இருக்கலாம்தானே?" என்றாள் ரிஸ்வானா.

"அவர விடு மகள்" என்ற மாமி, என் பக்கம் திரும்பினார். "வேணாமெண்டு ஒரு வார்த்த செல்லி இருந்தா நான் போடுவனா மகன்? ஊருக்கு முன்னால செவத்திலயா எழுதிக் காட்டணும்?"

"மாப்புத் தாங்க மாமி" என்றேன். சோற்றுக் கோப்பையிலேயே அழுதுவிட்டேன். சோறு உப்புக் கரித்தது.

இடமாற்றம் கேட்கவில்லை. மாமியின் போனிலிருந்த பாஸ்கீயை அழித்துவிட்டு, என் பழைய போனிலேயே விரலுக்குப் பதில் இரகசிய இலக்கத்தோடு புதிதாக ஒன்று செய்துகொண்டேன். ஆனால் அன்றிலிருந்து இரண்டாவது அகப்பைக்கு முன் மாமி நிறுத்திவிடுவார். "விரல வைங்க மகன்." கோப்பை விளிம்பில் நான் பெருவிரலை அழுத்தினால்தான் சோறு விழும். விருந்தாளி இருந்தால் முழுக் கதையும் முதலில் விழும். எங்கள் பிள்ளைகள் உருண்டு உருண்டு சிரிப்பார்கள். சில நாட்களில் வெட்கத்தில் விரலை வைக்காமல் பசியோடு இருந்துவிடுவேன். அன்றைக்கு மட்டும் மாமி எதுவும் கேட்காமல் இன்னோர் அகப்பை போடுவார்.