பம்ளிமாஸ் தோலும் ஒரு ட்ரம் தின்னரும்

மலேசியாவில் ஈப்போ நகரம் முழுக்கத் தேடினாலும், பம்ளிமாஸ் பழத்தை அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டுத் தோலைக் கேட்டு வாங்கிப் போகிற மனிதர் ஒருவர்தான் இருந்தார். எண்பதுகளின் தொடக்கத்தில், ஊரின் ஓரம் ஜெலாப்பாங்கில், சப்பாத்துக் காலணி ஒட்டும் கம் என்ற பசை செய்கிற தொழிற்சாலையில் என்னோடு வேலை பார்த்தவர். சொந்தப் பெயர் ஆபீஸ் கிளார்க்குக்கு மட்டும் தெரியும். எங்களுக்குப் பம்ளிமாஸ் அண்ணன்.

எல்லாம் மேரி அக்காவால் வந்தது. கம் கலக்கும் ட்ரம்களைப் பெயிண்ட் கரைக்கும் தின்னர் ஊற்றிக் கழுவுவது அவர் வேலை. அந்த வாடையில் இரண்டு முறை மயங்கி விழுந்துவிட்டார். மூன்றாம் முறை விழுந்தால் வேலை இல்லை என்று எங்கள் சீன முதலாளி, தவுக்கே, சொல்லிவிட்டார். மூன்று பிள்ளைகள், சம்பாதிப்பவர் அக்கா ஒருவர்தான்.

தின்னருக்கு மாற்றுத் தேடி அண்ணன் கிளம்பினார். தேங்காய் எண்ணெய் ஊற்றினார். ட்ரம் பளபளத்தது, கம் அசையவில்லை. சவுக்காரத் தண்ணீர் ஊற்றினார். நுரை கேட்டைத் தாண்டி ரோட்டுக்குப் போனது. ஒரு நாள் பம்ளிமாஸ் உரித்த கையில் ஒட்டியிருந்த கம் தானாகக் கழன்றது. அன்றோடு மனிதர் கெட்டார். தம்பூன் பழக்கடைகளின் தோல் முழுவதும் அவர் மோட்டார் சைக்கிளில் ஏறியது. பாய்லர் ஓரம் அண்டா வைத்து, தோலுக்கு ஆவி காட்டி, ஆவி குளிர்ந்து வடிந்த தண்ணீரின்மேல் மிதக்கும் எண்ணெயை அள்ளுவார்.

"அண்ணே, அத்தர் கடை போடப் போறீங்களா?" என்றேன்.

"நீ சிரிலா. கழுவின எண்ணெய மறுபடி ஆவில விட்டா கம்மு அடியில தங்கிரும், எண்ணெ திரும்பி வந்துரும். தின்னரு அப்பிடி வருமா? காத்துலதான் போவும். அக்கா மூக்குல போவும்."

மாதக்கணக்கில் சேர்த்ததைத் தவுக்கேயிடம் காட்டப் போனார். பாட்டில் வேண்டாம், மரியாதையாக இருக்கட்டும் என்று கோப்பி குடிக்கும் வெள்ளை ஸ்டைரோஃபோம் நுரைக் கப்பில் ஊற்றி நீட்டினார். கப்பின் அடிப்பாகம் கரைந்து மறைந்தது. எண்ணெய் முழுவதும் தவுக்கேயின் சிலுவார் கால்சட்டையில். தமிழர் நிறைந்த ரப்பர் தோட்டத்துப் பக்கம் வளர்ந்த தவுக்கேக்குத் தமிழில் திட்டவும் நன்றாக வரும். நான் கதவுப் பக்கம் நகர்ந்தேன்.

அண்ணன் அசையவில்லை. "பாத்தீங்களா தவுக்கே. கப்பயே தின்னுடுச்சு. கம்மு எம்மாத்திரம்?"

தவுக்கே அடியில்லாத கப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மேரி ட்ரம் மட்டும் இதுல கழுவட்டும். தோலு நீதான் கொண்டாரணும்."

பிறகு நாங்கள் எல்லோருமே தோல் பொறுக்கினோம். மேரி அக்கா அப்புறம் விழவில்லை.

"இப்பல்லாம் பிள்ளைங்க பக்கத்துல வந்து படுக்குதுங்க அண்ணே. முன்ன தின்னரு நாத்தம்னு ஓடிட்டு இருந்துச்சுங்க," என்றார் அக்கா ஒரு நாள்.

"அப்ப நாளைக்கு இன்னும் ரெண்டு கோணி தோலு வேணும்லா," என்றார் அண்ணன்.

அவரைப் பைத்தியம் என்று முதலில் சொன்னவன் நான். அவரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்பதையும் ஒரு நாளாவது சொல்லியிருக்கலாம்.