கையோடுகையாரும் ஒரு கிடாரும்

வாசகரே, மனிதர்களில் கையோடுகையார் என்று ஓர் இனம் உண்டு. குழாய் சொட்டுகிறது, வாஷரை மாற்றுங்கள் என்று இவரிடம் சொன்னால், கையோடு கையாகக் குழாயையே மாற்றிவிடலாமே என்பார். குழாயைக் கழற்றியதும் சுவருக்குள் இருக்கும் பைப்பின்மேல் அவருக்குச் சந்தேகம் வரும். பைப்பைப் பார்க்கச் சுவரை உடைப்பார். உடைத்ததுதான் உடைத்தோம், ஜன்னலையும் கொஞ்சம் பெரிதாக்கினால் என்ன என்று அளவுநாடாவோடு நிற்பார். தண்ணீர்? அது பக்கத்து வீட்டிலிருந்து வந்துகொண்டிருக்கும்.

இவரைச் சோம்பேறி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பாவம், ஓயாமல் உழைப்பார். கேட்ட வேலையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்து முடிப்பார்.

என் பக்கத்து வீட்டில் இருப்பவர் இந்த இனத்தில் உயர்ந்த ரகம். காப்பீட்டு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். அவர் மகள் சனிக்கிழமை கல்லூரி மேடையில் முதன்முதலாகத் தனியாக எலெக்ட்ரிக் கிடார் வாசிக்க இருந்தாள். நல்ல நேரம் பார்த்து, தந்தியை முறுக்கும் சாவிகளில் ஒன்று ஆட ஆரம்பித்தது. அதன் திருகாணியை இறுக்கித் தரும்படி அப்பாவிடம் கேட்டாள். அவள் செய்த தப்பு அது ஒன்றுதான்.

கிடாரின் கழுத்தைத் தனியே எடுத்தால்தான் சாவியைச் சரியாகப் பார்க்க முடியும் என்றார். எடுத்தார். கழுத்தில்லாமல் மேஜைமேல் கிடந்த கறுப்பு உடம்பைப் பார்த்ததும் அவருக்குள் கலைஞர் விழித்துக்கொண்டார். யாரோ ஒருவர் தண்ணீர்த் தொட்டியில் சாயத்தை மிதக்கவிட்டு, கிடாரை முக்கி, வானவில்லாக வெளியே எடுக்கும் வீடியோவை அவர் ஏற்கெனவே பார்த்திருந்தார். சனிக்கிழமை குழந்தை வாசிக்க வேண்டுமே என்று மனைவி நினைவுபடுத்தினார்.

"ஒரு முக்கு முக்கினா முடிஞ்சுது. இதுக்குப் போய் ஏன் பதட்டப்படுறே?" என்றார் கண்காணிப்பாளர்.

பழைய பூச்சைத் தேய்த்து எடுத்தார், வெள்ளை அடித்தார், குளியலறையில் பெரிய டிரம்மை வைத்துத் தண்ணீர் நிரப்பினார், பெயின்ட் மேலே விரிந்து மிதப்பதற்காக வெண்காரத்தூளைக் கரைத்தார், சிவப்பும் நீலமும் மஞ்சளுமாக எனாமல் பெயின்டைச் சொட்டுச் சொட்டாக மேலே விட்டார். உள்ளதைச் சொல்ல வேண்டும்: பெயின்ட் விரிந்து மிதந்த அந்தக் கணத்தில், வேடிக்கை பார்க்கப் போயிருந்த நானே வாயைப் பிளந்தேன். குச்சியால் லேசாக ஒரு சுழற்று சுழற்றிவிட்டு நிறுத்த வேண்டும். நிறுத்துவதா? இவரா? சிவப்பு இந்தப் பக்கம் கொஞ்சம் வரட்டும், நீலம் அந்தப் பக்கம் கொஞ்சம் போகட்டும் என்று கிண்டினார், கிண்டினார், அல்வாப் பதம் வரும்வரை கிண்டினார். பிறகு முக்கினார். மேலே மிதக்கும் மிச்சத்தை வழித்துவிட்டுத்தான் தூக்க வேண்டும் என்று வீடியோக்காரர் சொன்னது தூக்கிய பிறகுதான் ஞாபகம் வந்தது. வானவில்லைக் காணோம். சேற்றில் புரண்டு எழுந்த எருமையின் நிறத்தில் ஒன்று வெளியே வந்து சொட்டிக்கொண்டு நின்றது.

"நான் நெனச்சது இதேதான்," என்றார்.

சனிக்கிழமை காலை கழுத்தைப் பொருத்த உட்கார்ந்தார். கழுத்து உட்காரும் குழியை டேப் ஒட்டி மறைக்க மறந்திருந்ததால், வெள்ளையும் சாயமும் அதற்குள் தடித்துக் கிடந்தன. கழுத்து இறங்க மறுத்தது. உப்புத்தாளை எடுத்தவர், கையோடு கையாகக் குழியைக் கொஞ்சம் ஆழப்படுத்திவிடலாமா என்று யோசிக்கும்போது மகள் வந்து நின்றாள். அவள் அழவில்லை, கத்தவில்லை. கழுத்தை எடுத்து அந்தச் சாவியை விரலால் தொட்டுப் பார்த்தாள். அது அப்படியே ஆடியது.

"அப்பா, நான் இதை மட்டும்தானே கேட்டேன்," என்றாள்.

தோழியின் கிடாரை இரவல் வாங்கி வாசித்தாள். பழகாத தந்தி. நடுவில் ஓரிடத்தில் விரல் தடுமாறி, பாட்டு நின்று, மறுபடி ஆரம்பித்தாள். அரங்கில் என் பக்கத்து நாற்காலியில் இருந்த அப்பாவுக்குக் கண் கலங்கித்தான் இருந்தது. துடைத்துக்கொண்டு என் காதருகே குனிந்தார். அந்தத் தோழியின் கிடாரில் பூச்சு உரிந்திருக்கிறதாம். கேட்டால் அதையும் ஒரு முக்கு முக்கித் தரலாமாம்.

இதெல்லாம் பழைய கதை. இப்போது தன் வீட்டில் எந்தச் சாமானும் கெட்டுப்போவதே இல்லை, எல்லாம் தன் பராமரிப்பு என்று கண்காணிப்பாளர் பெருமையடித்துக்கொள்கிறார். போன வாரம் ரிப்பேர் கடைக்குப் போனேன். அவர் மகள் மின்விசிறி ஒன்றைப் போர்வையில் சுற்றி அணைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"மாமா, அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க," என்றாள்.

சிரிக்கிறீர்களா, வாசகரே? சிரியுங்கள். அது சரி, உங்கள் வீட்டிலும் கொஞ்ச நாளாக எதுவுமே கெட்டுப்போகவில்லையாமே?