கோர்ட்டு வாசல் 'அப்பீல்'

மலாயாவின் ஈப்போ ஊரில் அந்த மனிதர் ஒத்துக்கொண்ட தீர்ப்பு ஒன்றுகூடக் கிடையாது. அவருடைய சொந்தப் பெயர் அவருக்கே நினைவிருந்ததா என்பது சந்தேகம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் கோர்ட்டு வாசலில் மேசை போட்டு மனு எழுதிய அவரை ஊரே 'அப்பீல்' என்றுதான் அழைத்தது.

நாவிதர் மீசையை ஒரு பக்கம் குறைத்துவிட்டால், நாவிதரின் அண்ணனிடம் அப்பீல். கோப்பிக் கடையில் சர்க்கரை குறைந்தால், கடைக்காரரின் தாயாரிடம் அப்பீல். வீட்டில் மனைவி புளிக்குழம்பு என்று தீர்ப்புச் சொன்னால் மாமியாரிடம் போவார். அங்கே மட்டும் ஒருமுறைகூட வென்றதில்லை.

"மேல்கோர்ட்டும் கீழ்க்கோர்ட்டும் ஒரே அடுப்படியில உக்காந்திருந்தா நியாயம் எப்படிலா கிடைக்கும்?" என்பார்.

ஆனால் நிலத்தகராறோ, கடை லைசென்சோ, மாடு மேய்ந்த அபராதமோ, மனு எழுத உட்கார்ந்துவிட்டால் ஆள் வேறு.

நான் அப்போது அதே கோர்ட்டில் தமிழ் மொழிபெயர்ப்பாளன். ஒருநாள் லகாட் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து வீராயி என்ற பெண் அழுதுகொண்டு அவர் மேசைக்கு வந்தாள்; நானும் பக்கத்தில் இருந்தேன். தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் கங்காணியை அடித்ததாக அவள் கணவன் முத்தனுக்கு மூன்று மாதச் சிறை. அடித்ததை அவனே ஒப்புக்கொண்டதாகத் தீர்ப்பில் எழுதியிருந்தது.

"அவரு ஒத்துக்கவே இல்லண்ணே. 'நான் அடிச்சேன்னு சொல்றாங்க தொரே'ன்னுதான் சொன்னாரு. நான் அங்கதான் நின்னேன்."

"அப்பீல்ல மறுபடியும் சாட்சி கேக்க மாட்டாங்க தாயி. கீழ்க்கோர்ட்டு எழுதி வச்ச காகிதத்துல தப்பு இருக்கான்னுதான் பாப்பாங்க" என்ற அப்பீல், மெதுவாக என் பக்கம் திரும்பினார். "தம்பி, அன்னைக்கு நீங்கதானே மொழிபெயர்த்தது?"

நான்தான். மத்தியானப் பசியில் அந்த 'சொல்றாங்க'வை நான் விழுங்கியிருந்தேன். 'நான் அடித்தேன்' என்பது மட்டும்தான் வெள்ளைக்கார நீதிபதித் துரையின் காதுக்குப் போயிருந்தது.

"ஒத்துக்கிட்டா என் வேலை போயிரும்ண்ணே."

"போலாம். போகாமலும் இருக்கலாம். முத்தன் உள்ள போயிட்டான்லா."

காகிதத்தையும் பேனாவையும் என் முன்னால் நகர்த்தினார். நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மேல்கோர்ட்டு நீதிபதி அதை இரண்டு முறை படித்தார். தீர்ப்பை ரத்துசெய்து முத்தனை விடுவித்தார். வீராயி என்னையும் சேர்த்துக் கும்பிட்டாள்; எனக்குத்தான் அவள் முகத்தைப் பார்க்கக் கூசியது. அப்பீலுக்கோ குறை: "கங்காணி மன்னிப்புக் கேக்கணும்னு போடலியே! இதுக்கு மேல ஒண்ணு எழுதிப் பாப்போமா?"

என் வேலை தப்பியது. ஆனால் தெற்கே தொலைவில் இருந்த தஞ்சோங் மாலிமுக்கு மாற்றிவிட்டார்கள். அவர் விடுவாரா? மாற்றலை எதிர்த்து மனு. தள்ளுபடி. அதற்கு மேலே இருந்தவருக்கு மனு. அதுவும் தள்ளுபடி. பிறகு மாதம் தவறாமல் யார் யாருக்கோ எழுதினார்.

இரண்டு வருடம் கழித்து என் அதிகாரி ஒரு காகிதக் கட்டைக் காட்டி, "அந்த மனிதரை எழுதுவதை நிறுத்தச் சொல்" என்றார்.

சரியென்று தலையாட்டினேன். சொல்லத்தான் மனம் வரவில்லை. ஈப்போவில் எனக்காக ஒருவர் எழுதிக்கொண்டிருக்கிறார் என்பதே தஞ்சோங் மாலிமில் எனக்குத் துணையாக இருந்தது.