மறதிக்கு ஒரு பரீட்சை

லிப்ட் மெக்கானிக்குக்கு மூன்று வாரமாக மறதி. அலமாரிக் கதவில் தலையை இடித்துக்கொண்ட அன்று பிடித்தது. பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் வயர்கள் அத்தனையும் நிறம் மாறாமல் ஞாபகம் இருந்தது. வெங்காயம், சோப்பு மாதிரி கடைச் சாமான் மட்டும் மறந்தது. முதல் ஞாயிறு கடைக்குப் போய், சோப்புக்குப் பதில் மெழுகுவத்தி வாங்கி வந்தார். அடுத்த ஞாயிறு வெறும் பையோடு வந்தார். மூன்றாவது ஞாயிறு மனைவியே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப, மனுஷன் காலை நீட்டிப் பேப்பர் படித்தார். ஆயுசுக்கும் இப்படியே ஓட்டிவிடலாம் என்பது அவர் திட்டம்.

ஆனால் எங்கேயோ உதைத்தது. மனைவி இதுவரை ஒரு வார்த்தை திட்டவில்லை. அவள் வேலை பார்ப்பதோ ஞாபகமறதிக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரிடம். வேறு வியாதியே கிடைக்கவில்லையா இவருக்கு?

நாலாவது ஞாயிறு, கேட்காமலே காபி வந்தது. கூடவே ஒரு கட்டு அட்டை.

"டாக்டர்கிட்ட கேட்டு வாங்கிட்டு வந்தேங்க. இருபது படம் காட்டுவேன். அப்புறம் பழசு ஒண்ணு, புதுசு ஒண்ணுன்னு ரெண்டு ரெண்டா வைப்பேன். முன்னாடி பாத்தது எதுன்னு தொட்டா போதும்."

"இப்ப எதுக்கு இதெல்லாம்?"

"எல்லாம் உங்க மேல இருக்கற அக்கறைதான்."

அக்கறை என்றதும் காபி டம்ளரைக் கீழே வைத்தார். சரியாகத் தொட்டால் பை மறுபடி கைக்கு வந்துவிடும். உஷாரானார்.

படங்கள் இருபதும் பளிச்சென்று மனதில் பதிந்து தொலைத்தன. முதலில் குடையும் வாளியும் வந்தன. விரல் தானாகக் குடைப் பக்கம் ஓடியது. பல்லைக் கடித்துக்கொண்டு வாளிக்குத் திருப்பினார். ஓரக்கண்ணால் அவள் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. அதுவே இன்னும் சந்தேகமாக இருந்தது. பேருக்கு ஒன்றைச் சரியாகத் தொடலாமா என்றுகூட யோசித்தார். அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு, வெங்காயமும் வாங்கத் தெரியும் என்பாளே, வேண்டாம் வம்பு. பள்ளிக்கூடத்தில் பாஸாவதற்குக்கூட மனுஷன் இப்படிப் பாடுபட்டதில்லை. இங்கே பெயிலாவதற்குள் சட்டை நனைந்துவிட்டது.

அவள் எண்ணிப் பார்த்தாள். "இருபதும் தப்புங்க."

"நான் சொன்னப்போ நீ நம்பலை," என்றார், குரலைச் சோகமாக இறக்கி.

"நம்பாம என்ன. சுத்தமா ஞாபகமே இல்லாதவங்க குத்துமதிப்பா தொட்டாலும் பாதி சரியா வந்துடும்னு டாக்டர் சொல்லுவார். இருபதையும் தப்பாத் தொடணும்னா, இருபதும் ஞாபகம் இருந்தாகணுமாம்."

அவர் முகத்தில் அசடு வழிந்தது. அவள் அட்டைகளை அடுக்கி ரப்பர் பேண்டு போட்டாள்.

"கிளம்புங்க. முப்பது சாமான், வாயாலயே சொல்றேன். இந்தத் தலைக்கு எதுக்குங்க லிஸ்ட்டு?"