பூ வைக்க வந்த வேனும் என் தனியுரிமைப் பிரசாரமும்

அரசு நம் கைபேசிக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது என்று கூட்டம் போட்டுப் பேசுகிறவன், ஒரு நாள் காவல் நிலையத்துக்கு ஓடி, "இந்த நம்பர் எங்கே இருக்கிறது, பார்த்துச் சொல்லுங்கள்" என்று கெஞ்சினால், அவனை என்னவென்று அழைப்பது? (எங்கள் வீட்டில் அழைக்கும் பெயர் அச்சுக்கு ஏற்றதல்ல.)

என் தங்கை நித்யாவுக்குப் பூ வைக்க, ஊத்தங்கரையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் கர்நாடக எல்லையோரம் இருக்கும் எங்கள் பாகலூருக்கு வரவிருந்தார்கள். முந்தின நாள் மாப்பிள்ளையின் மாமாவுக்கு நான் போனில் ஒரு சொற்பொழிவே ஆற்றினேன்: டவருக்கு டவர் நம் பயணம் பதிவாகிறது, வழியில் போனை அணைத்து வைப்பதே உத்தமம். வழிக்குறிப்பைக்கூட, படித்தபின் தானே அழியும் செய்தியாகத்தான் அனுப்பினேன்.

அவர் அதைச் சம்பந்தி வீட்டு முறை என்று எடுத்துக்கொண்டார். வேன் கிளம்பியதும் எல்லோருடைய போனையும் அணைக்க வைத்துவிட்டார். பெண் வீட்டார் சொன்னதை முதல் நாளே மீறினால் மரியாதையா?

நல்ல நேரம் கரைந்துகொண்டிருந்தது. வேனைக் காணோம். எங்களிடமிருந்த எண்கள் எல்லாம் அணைந்து கிடந்தன. "அவங்களுக்கு மனசு மாறிடுச்சோ என்னமோ" என்று அம்மா கண்ணைத் துடைத்தார். நான் பைக்கை எடுத்தேன்.

காவலர் பொறுமையாகக் கேட்டார். "காணோம்னு புகார் குடுக்கறீங்களா?"

"இல்லைங்க, பொண்ணுக்குப் பூ வைக்க வர்றாங்க."

"அதுக்கெல்லாம் நம்பர் தேட முடியாதுங்க தம்பி. நாளைக்கு எவனாச்சும் வந்து கேட்டா உங்க நம்பரையும் பாத்துச் சொல்லிடலாமா?"

என் துண்டறிக்கையில்கூட நான் இவ்வளவு தெளிவாக எழுதியதில்லை.

வாசலுக்கு வந்ததும் நித்யா அழைத்தாள். "அண்ணா, வேன் கர்நாடகாவுக்குள்ள போயிடுச்சு. சர்ஜாபுரம் ரோட்டுல ஒரு பெட்ரோல் பங்க்ல நிக்குது. சீக்கிரம் போ."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அவரு மட்டும் போனை ஆஃப் பண்ணலை. லொகேஷன் போட்டு விட்டிருக்காரு. மாமா பக்கத்துலயே இருக்கறதால பேச முடியலையாம்."

"எப்பருந்து இதெல்லாம்?"

"போன ஆடியிலருந்து. சொன்னா மாட்டிக்குவேன்னுதான் இவ்ளோ நேரம் பல்லைக் கடிச்சிட்டு இருந்தேன். அம்மாகிட்ட உளறிடாதே!"

பங்க்கில் மாமா பெருமிதத்துடன் வரவேற்றார். "உங்க வீட்டு முறைப்படி ஒருத்தரும் போனைத் தொடலைங்க தம்பி. நீங்க அனுப்பின வழிதான் படிச்சதும் அழிஞ்சிடுச்சு." மாப்பிள்ளை அவசரமாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நேரம் முடிவதற்குள் பூ வைத்தாயிற்று. பந்தியில் அப்பா கேட்டார், "எப்பிடிடா கண்டுபுடிச்சே?" தண்ணீர்ச் சொம்புடன் நின்ற நித்யாவின் முகம் வெளிறியது.

"போலீஸ்ல சொல்லித் தேடினேன்" என்றேன்.

பந்தியே சிரிப்பில் குலுங்கியது. இன்றும் எந்த விசேஷத்துக்கு வேன் தாமதமானாலும், "இவனை விட்டு ஸ்டேஷன்ல தேடச் சொல்லுங்கப்பா" என்கிறார்கள். (நித்யாவுக்குக் குழந்தையும் பிறந்துவிட்டது; அவள் ஒப்புதல் பெற்றே இதை எழுதுகிறேன்.)

அரசின் கண்காணிப்பை எதிர்த்து இப்போதும் பேசுகிறேன். ஆனால், கேட்காதவர்களுக்குப் போன் விதிகள் சொல்வதை நிறுத்திவிட்டேன்.